பாத்ரூம் செவுத்துல காலர் போட்ட பாம்பு: கட்டுவிரியனா, வேற எதுவுமா?

கேள்வி: சார் வணக்கம். செய்யாறு பக்கத்துல கிராமம் எங்களுது. ஓட்டு வீடு, பின்னாடி தனியா ஷீட் போட்ட பாத்ரூம். இந்த மாசத்துல ரெண்டு தடவ பாத்ரூம் செவுத்துல சின்னப் பாம்பு. மொதல் பாம்ப மாமனார் அடிச்சிட்டாரு. பத்து நாள் கழிச்சு அதே மாதிரி இன்னொண்ணு, அது செவுத்து ஓட்டையில பூந்துடுச்சு. உடம்புல வெள்ள வெள்ளயா பட்டை, கழுத்துல சட்டைக் காலர் மாதிரி பளிச்சுனு ஒண்ணு. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு இது கட்டுவிரியன், ஜோடிய அடிச்சதால தேடி வந்திருக்குன்னு சொல்றாங்க. என் தம்பி ஒரு ரீல்ஸ் காட்டி, கழுத்துல காலர் இருந்தா விஷம் கெடையாதுக்கான்றான். என் 7 வயசுப் பையன் அத நம்பிக்கிட்டு அடுத்த தடவ நான் புடிக்கிறேன்றான். வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், நாங்க மத்தவங்க எல்லாரும் தரையிலதான் படுக்குறோம். பூண்டு, ஃபினாயில் எல்லாம் ஊத்திப் பாத்தாச்சு. ரெண்டு பாம்போட போட்டோவும், வெறகு அடுக்குக்குப் பின்னாடி கெடந்த பாம்புச் சட்டையோட போட்டோவும் அனுப்பிருக்கேன். யாரு சொல்றது சரி?

பதில்: வணக்கம்மா. ரெண்டு பேரு சொன்னதும் சரி கெடையாது. பாத்ரூமுக்கு வந்த ரெண்டும் விஷமில்லாத பாம்புதான், அதுல உங்க தம்பி பாஸ், ஆனா அவரு சொன்ன காரணம் ஃபெயில். இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா சரியான விடைய தப்பான கணக்குல போட்டு மனசுல வெச்சுக்கிட்டா அடுத்த தடவ வேற பாம்பு வரும்போது அந்த தப்புக் கணக்கு மட்டும்தான் நெனப்புக்கு வரும், அதுவும் 7 வயசுப் பையன் கூட இருக்குற வீட்டுல.

வந்தது ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன்னும் சொல்வாங்க. ஊர்ல பாதிப் பேரு இதுக்கு தனியா பேரே வெச்சிருக்க மாட்டாங்க, கட்டுவிரியன்னுதான் சொல்லி அடிப்பாங்க. பேரு என்னவோ பயங்கரமா இருக்கு, அது பல்ல வெச்சு வந்த பேரு, இதோட அறிவியல் பேரு லைகோடான், கிரேக்கத்துல ஓநாய்ப் பல்லுன்னு அர்த்தம். மேல் தாடை, கீழ் தாடை ரெண்டுலயும் முன்னாடி இருக்குற சில பல்லு மட்டும் மத்ததவிட நீளம். அது விஷப்பல் இல்ல, ஓட்டையும் கெடையாது, பின்னாடி விஷப்பையும் கெடையாது. அரணைய பாத்திருப்பீங்க, எண்ணெய் தடவுன மாதிரி வழுவழுன்னு இருக்கும், கையில நிக்காது. அத வாயால கவ்விப் புடிக்கணும்னா சும்மா சின்னப் பல்லு பத்தாது, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. பல்லி, அரணை இதுதான் இதோட சாப்பாடே.

இன்னொரு பேரு இன்னும் அழகு. 1758ல லின்னேயஸ்னு ஒரு ஸ்வீடன் விஞ்ஞானி இதுக்கு ஆலிகஸ்னு பேரு வெச்சாரு, ஆலான்னா லத்தீன்ல வீட்டு முற்றம், அரண்மனைன்னு வரும். வீட்டுப் பாம்புன்னு 260 வருஷம் முன்னாடியே எழுதி வெச்சுட்டாங்க, நாமதான் இன்னைக்கும் வீட்டுக்குள்ள ஏன் வந்துச்சுன்னு கேட்டுட்டு இருக்கோம்.

இப்ப உங்க போட்டோவுக்கு வரேன். ரெண்டாவது பாம்பு, மஞ்ச பக்கெட்டுக்கு மேல செவுத்துல ஏறிட்டு இருக்குறது, நல்ல போட்டோ. கழுத்துல வெள்ள காலர் தெரியுது, அத இப்ப மறந்துடுங்க. அதுக்குப் பின்னாடி வர்ற பட்டைங்கள எண்ணிக்கிட்டே வால் வரைக்கும் போங்க. முன்னாடி ஏழெட்டுப் பட்டை அகலமா தெளிவா இருக்கு, நடு உடம்பு தாண்டுனதும் மங்குது, வாலுக்கு வந்தா வெறும் காப்பிக் கலர், பட்டையே இல்ல. கட்டுவிரியனுக்கு இது அப்படியே தலைகீழ். கழுத்துலேருந்து கொஞ்ச தூரம் வெறும் கருப்பா, இல்ல வெள்ளப் புள்ளி மட்டும் வெச்ச மாதிரி இருக்கும், அப்புறம்தான் மெல்லிசு வெள்ளக் கோடு ஆரம்பிக்கும், அதுவும் பெரும்பாலும் ரெண்டு ரெண்டு கோடா பக்கத்துல பக்கத்துல, போகப்போக தெளிவாகி வால் நுனி வரைக்கும் இருக்கும். மொதல் பாம்ப பாருங்க, மாமனார் அடிச்சதுல தலையும் கழுத்தும் போயிடுச்சு, காலர் இருந்துச்சான்னே தெரியல, ஆனா வாலு முழுசா இருக்கு, வால்ல பட்டை இல்ல. அத வெச்சேதான் அதுவும் ஓநாய்ப் பாம்புன்னு சொல்றேன்.

கலர வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஓநாய்ப் பாம்பு காப்பிக் கலர், சாம்பல் கலந்த காப்பி. கட்டுவிரியன் பளபளன்னு நீலம் கலந்த கருப்பு. புத்தகத்துல வித்தியாசம் நல்லாத்தான் தெரியும், ராத்திரி 11 மணிக்கு ஈரச் செவுத்துல எல்ஈடி பல்பு வெளிச்சத்துல ரெண்டும் கருப்புதான். மூஞ்சி கொஞ்சம் உதவும், ஓநாய்ப் பாம்புக்கு மூக்குப் பக்கம் தட்டையா கரண்டி மாதிரி இருக்கும், கண்ணு சின்னக் கருப்பு மணி கணக்கா துருத்திக்கிட்டு தெரியும். ஆனா அத பாக்குற அளவுக்கு நீங்க கிட்டப் போகக் கூடாது, போட்டோவ ஜூம் பண்ணிப் பாத்தா போதும்.

அக்கா ஏன் கட்டுவிரியன்னு சொன்னாங்கன்னா அதுல தப்பே இல்ல. கட்டுன்னா பட்டைதானே, பட்டை போட்ட பாம்பெல்லாம் கட்டுவிரியன்னு சொல்லிட்டு ஒதுங்கிப் போறது உயிருக்கு நல்லதுதான். ஓநாய்ப் பாம்பு பொழைக்குறதே அந்த வேஷத்துலதான், கட்டுவிரியன் மாதிரி தெரிஞ்சா பருந்து, கீரியெல்லாம் ஒரு நிமிஷம் யோசிக்கும்ல. மனுஷன் கிட்ட மட்டும் அந்த வேஷம் உல்டாவா போயிடுச்சு, வேஷத்தாலயே அடி வாங்கிச் சாவுது. இதுல இன்னொரு கூத்து, கட்டுவிரியன் மத்த பாம்புங்கள புடிச்சுத் தின்னும், இந்த ஓநாய்ப் பாம்பையும் சேத்துத்தான்.

இப்ப தம்பியோட ரீல்ஸ். எனக்கும் அது மாதிரி நாலஞ்சு பேரு அனுப்பிட்டாங்க. கருஞ்சாம்பல் உடம்பு, கழுத்துல மோதிரம் போட்ட மாதிரி மஞ்ச வளையம், தொட்டா வாலச் சுருட்டி அடிப்பக்கத்து ஆரஞ்சு, செகப்பக் காட்டும், உள்ளங்கையில வெச்சு வெள்ளக்காரர் ஒருத்தர் பேசிட்டு இருப்பாரு. அது அமெரிக்காவுல இருக்குற ரிங்நெக் பாம்பு, மண்புழு, சின்னப் பல்லி, சாலமாண்டர்னு தின்னுட்டு கல்லுக்கு அடியில கெடக்கும். அதே மாதிரி ஐரோப்பாவுல புல் பாம்புன்னு ஒண்ணு, அதுக்கும் கழுத்துல மஞ்ச காலர், மாட்டிக்கிட்டா நாக்கத் தொங்கப் போட்டு மல்லாந்து செத்த மாதிரி நடிக்கும். இங்கிலாந்துல ஒரு தோட்டத்துல பாம்பப் பாத்து இது விரியனா இல்லையான்னு கேட்டா காலர் இருக்கான்னு பாருன்னு சொல்றது அந்த ஊருக்கு சரி, ஏன்னா அங்க விஷப்பாம்பே ஒரே ஒரு விரியன் வகைதான், அதுக்கு முதுகுல நெளிநெளியா கோடு. அந்த ஊரு சட்டம் செய்யாத்துல செல்லாது.

நம்ம ஊர்ல ஏன் செல்லாதுன்னு ரெண்டு பாம்ப வெச்சே சொல்றேன். ஒண்ணு கருந்தலைப் பாம்பு, பென்சில் கனம், காப்பிக் கலர், தலை கருப்பு, பின்னங்கழுத்துல மஞ்ச. விஷம் இல்ல, அரணை தின்னும். இன்னொண்ணு பவளப் பாம்பு, அதுவும் பென்சில் கனம், அதுவும் காப்பிக் கலர், அதுக்கும் தலையும் கழுத்தும் கருப்பு, அதுல சின்ன மஞ்சப் புள்ளி. இது நல்லபாம்புக் குடும்பம், விஷம் உண்டு. பூந்தொட்டிய நகத்தும்போது ஓடுற அரையடி நூலுக்கு எது மஞ்சப் புள்ளி எது மஞ்ச காலருன்னு யாரு பாத்துட்டு இருக்க முடியும். பவளப் பாம்பு வாலத் தூக்கி அடிப்பக்கத்தக் காட்டும், வால்ல ரெண்டு கருப்பு வளையம் இருக்கும். இங்கயும் பாருங்க, விஷயம் வால்லதான் இருக்கு.

இந்த வாலு விஷயம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல. வேலைக்கு வந்த புதுசு, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு இருளர் பெரியவர் கூட சுத்திட்டு இருந்தேன். மழ பேஞ்ச ராத்திரி, ஒரு வீட்டு மாட்டுக் கொட்டாய்ல தொட்டிக்கு அடியில ஒரு ஜாண் பாம்பு, கழுத்து கிட்டேருந்தே பட்டை. நான் அதுக்குள்ள நாலஞ்சு ஓநாய்ப் பாம்பு புடிச்சு கடியும் வாங்கியிருந்ததால பெரிய ஆளுன்னு நெனப்பு, குச்சியக் கீழ வெச்சிட்டு கைய நீட்டுனேன். பெரியவர் பேசல, டக்குனு என் மணிக்கட்டப் புடிச்சாரு, புடிச்ச புடியில மறுநாள் வரைக்கும் வலி. வாலப் பாருடான்னாரு. டார்ச் அடிச்சுப் பாத்தா வால் நுனி வரைக்கும் சீரா வெள்ளக் கோடு. கட்டுவிரியன் குட்டி. குட்டியில முன்பக்கமும் பட்டை நல்லா தெரியும், சிலதுக்கு கழுத்து கிட்டயே ஆரம்பிச்சுடும், அப்ப அதுவும் காலர்தான். ஆக கழுத்த மட்டும் பாத்திருந்தா இன்னைக்கு உங்களுக்கு பதில் எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன்.

நான் கத்துக்குட்டி, என்ன விடுங்க. ஜோ ஸ்லோவின்ஸ்கின்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ்ல வேலை, பாம்புலயே ஊறுனவரு. 2001 செப்டம்பர்ல மியான்மரோட வடகோடிக் காட்டுல ஆராய்ச்சிக்குப் போயிருந்தாரு. கூட வேலை செஞ்ச ஆள் ஒரு பையில குட்டிப் பாம்பு ஒண்ணக் கொடுத்து, இது டைனோடான்னு, அதாவது விஷமில்லாத பட்டைப் பாம்புன்னு சொல்ல, இவரு பைக்குள்ள கைய விட்டாரு. அது கட்டுவிரியன் இனம். ஊசி குத்துன மாதிரிகூட ஒழுங்கா அடையாளம் இல்ல. சில மணி நேரத்துல கை கால் விழுந்து மூச்சும் நின்னுடுச்சு, கூட இருந்தவங்க மாத்தி மாத்தி வாயோட வாய் வெச்சு மணிக்கணக்கா ஊதி உயிர இழுத்துப் புடிச்சாங்க, மோசமான வானிலையில ஹெலிகாப்டர் வந்து சேரல, மறுநாள் இறந்துட்டாரு. 38 வயசு. அந்த டைனோடான்னு சொன்ன கூட்டத்த பின்னாடி விஞ்ஞானிங்க லைகோடான் பேருலயே சேத்துட்டாங்க, அதாவது உங்க பாத்ரூம் பாம்போட பங்காளி. உங்க பையன் கிட்ட இந்தக் கதைய பயமுறுத்தாம சொல்லுங்க, அவ்வளவு தெரிஞ்ச மாமாவே ஏமாந்துட்டாருன்னு சொன்னா போதும், நான் புடிக்கிறேன்றதுக்கு பதிலா நான் போட்டோ எடுக்குறேன்னு சொல்லட்டும், நாலு அடி தள்ளி நின்னு.

ஜோடி தேடி வந்துச்சுன்றது சினிமா கத. எந்தப் பாம்புக்கும் யாரு அடிச்சான்னு ஞாபகம் வெச்சுக்குற மூளையும் கெடையாது, பழி வாங்க நேரமும் கெடையாது. மொத பாம்பு எதுக்கு வந்துச்சோ அதுக்குத்தான் ரெண்டாவதும் வந்துச்சு. உங்க போட்டோவுலயே அந்தக் காரணம் இருக்கு, பாத்ரூம் வாசல் மேல டியூப்லைட், பக்கத்துல மூணு பல்லி. ராத்திரி முழுக்க லைட் எரியுது, பூச்சி வருது, பூச்சிக்குப் பல்லி வருது, பல்லிக்கு இவரு வராரு. பூசாத செங்கல் செவுரு இவருக்குப் படிக்கட்டு மாதிரி, கூரை வரைக்கும் ஏறுவாரு, ஜன்னல் கம்பி, கரண்ட் மீட்டர் பொட்டி, ஓட்டு இடுக்கு எல்லாம் இவரு தங்குற லாட்ஜ். பகல்ல சுருண்டு கெடந்துட்டு இருட்டுனதும் வெளிய வரும். முட்டை போடுற இனம், ஒரு தடவைக்கு 4லேருந்து 11 வரைக்கும் போடும், அதனால பக்கத்துல எங்கயாவது பொரிச்சிருந்தா ஒரே வாரத்துல ரெண்டு மூணு குட்டி கண்ணுல படுறதும் சகஜம், அதுக்காக வீட்டுக் கீழ புத்து இருக்குன்னு தரைய ஒடைக்கச் சொல்ற ஆளுங்க பேச்சக் கேக்காதீங்க.

மாமனார நான் குத்தம் சொல்லல. அவரு காலத்துல அடிக்காம விட்ட பாம்பு கடிச்சா மாட்டு வண்டி கட்டித்தான் ஆஸ்பத்திரி போகணும், அந்தப் பயம் நியாயம். ஆனா அடிக்கப் போறதுதான் இருக்குறதுலயே ஆபத்தான வேலைன்னு அவருக்கு எடுத்துச் சொல்லுங்க, கம்பு நீளத்துக்குள்ள போயிடுறோம்ல. அடுத்த தடவ வந்தா கதவச் சாத்திட்டு வெளிய வந்துடுங்க, ஒருத்தர் தூரத்துலேருந்து கண்ணு வெச்சுக்கட்டும், வனத்துறைக்கோ பக்கத்துல பயிற்சி எடுத்த மீட்பு ஆளுக்கோ ஃபோன் போடுங்க. நம்பர இப்பவே வாங்கி செவுத்துல எழுதி வெச்சுக்குங்க, பாம்பு வந்தப்புறம் தேடுனா கெடைக்காது.

பூண்டு, உப்பு, ஃபினாயில் எதுக்கும் பாம்பு திரும்பிப் போகாது. உங்க வீட்டுல நாத்தம் வந்ததுதான் மிச்சம். கடையில கார்பாலிக் ஆசிட் வாங்கி வைங்கன்னு சொல்வாங்க, சின்னப் பையன் இருக்குற வீட்டுல வேண்டவே வேண்டாம், தோல்ல பட்டா வெந்துடும். அந்தக் காசுக்கு கொத்தனார் ஒருத்தர அரை நாள் கூப்டு அந்தச் செவுத்து ஓட்டைய சிமெண்ட் வெச்சு அடைங்க, தண்ணி போற பைப் வாய்ல சின்னக் கண்ணு வல கட்டுங்க, கதவுக்கு அடியில விரல் நுழையுற சந்து இருந்தா ரப்பர் பட்டை அடிங்க. ஓட்டைய அடைக்கும்போது பாம்பு உள்ள மாட்டிக்காம இருக்கணும், அதனால சாயந்தரம் ஒரு பாலித்தீன் துண்ட ஓட்டை வாய்ல லேசா ஒட்டி வைங்க, காலைல கிழிஞ்சிருந்தா உள்ளயோ வெளியவோ போக்குவரத்து இருக்கு, ரெண்டு மூணு நாள் கிழியாம இருந்தா அடைச்சுக்கலாம். டியூப்லைட்ட வேணும்போது மட்டும் போடுங்க. இத செஞ்சா பல்லி கொறையும், பல்லி கொறைஞ்சா இவரும் வேற வீடு பாத்துப்பாரு.

கடிச்சா என்ன ஆகும்னு நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லாம விட முடியாது. ஓநாய்ப் பாம்பு கோவக்காரப் பாம்பு, புடிச்சா கடிக்காம விடாது, என் கையில பல தடவ போட்டிருக்கு. பூனக்குட்டி பிராண்டுன மாதிரி எரியும், ரத்தம் கசியும், நான் சோப்பு போட்டுக் கழுவிட்டு வேலையப் பாத்துடுவேன், ஆனா நீங்க அப்படி விடக் கூடாது. இதுல ஒரு வெனை இருக்கு. முன்பல்லு நீளமா இருக்குறதால சில சமயம் ரெண்டு புள்ளி தனியா தெரியும், ஜனங்க ரெண்டு புள்ளின்னாலே விஷக்கடின்னு அலறுவாங்க. அந்தப் பக்கம் கட்டுவிரியன் கடிச்சா புள்ளியே தெரியாமப் போகலாம், வலியும் பெருசா இருக்காது, வீக்கமும் இருக்காது, கொசு கடிச்சிருக்கும்னு திரும்பிப் படுத்துடுவாங்க. கடி வாங்குனதே தெரியாம விடிகாலைல வயித்து வலின்னு எழுந்திரிப்பாங்க, அப்புறம் கண்ணு எமை தூக்க முடியாது, எச்சில் முழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியா மூச்சு. ஆக தழும்ப வெச்சும் முடிவு பண்ணக் கூடாது.

அதனால வீட்டுக்கு ஒரே சட்டம் வெச்சுக்குங்க. எந்தப் பாம்பு கடிச்சாலும், அது காலர் போட்டிருந்தாலும் டை கட்டியிருந்தாலும், 108க்கு அடிச்சு நேரா அரசு ஆஸ்பத்திரி. கயிறு கட்டக் கூடாது, பிளேடால கீறக் கூடாது, வாய் வெச்சு உறியக் கூடாது, மந்திரிக்கிற ஆள் வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் போச்சுன்னா அந்த ஒரு மணி நேரம் திரும்பி வராது. கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாம வெச்சு படுக்க வெச்சு கூட்டிட்டுப் போங்க. பாம்ப அடிச்சுப் பையில போட்டு எடுத்துட்டுப் போகவும் வேண்டாம், டாக்டர் அறிகுறிய வெச்சுத்தான் மருந்து போடுவாரு. இன்னொண்ணு, அங்க ரத்தத்த குழாய்ல எடுத்து 20 நிமிஷம் வெச்சு உறையுதான்னு பாப்பாங்க, அது விரியன் விஷத்துக்குத்தான், அதாவது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் பேருலதான் விரியன், விஷம் நல்லபாம்பு மாதிரி நரம்பத் தாக்குறது, அந்த டெஸ்ட்ல தெரியாது. டெஸ்ட் நார்மல்னதும் கெளம்பி வந்துடாம, ஒரு நாளாவது வெச்சுப் பாக்கச் சொல்லி இருங்க. விஷம் ஏறலன்னா ஏஎஸ்வி, அதாவது விஷமுறிவு மருந்து, போட மாட்டாங்க, ஊசி போடலையேன்னு சண்டைக்கும் போகாதீங்க, அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்காம மூச்சு தெணறலாம், தேவையில்லாம போடக் கூடாது. நம்ம நாட்டுல செய்யுற மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேத்து ஒரே மருந்துதான், அதனால எந்தப் பாம்புன்னு தெரியலன்னா மருந்து இல்லன்ற பயமும் வேண்டாம். அதுக்கு வேணுங்குற விஷத்துல பெரும்பங்கு உங்க ஊர்லேருந்து ரொம்ப தூரம் இல்லாத வடநெம்மேலியில, 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துலேருந்துதான் போகுது. என் மணிக்கட்டப் புடிச்ச பெரியவரும் அங்க இருந்தவருதான்.

சரி, உங்க லெட்டர்ல எனக்கு உண்மையிலயே பயம் கொடுத்தது ரெண்டே ரெண்டு வரி, அது ரெண்டும் பாத்ரூம் பாம்பப் பத்துனது கெடையாது. ஒண்ணு, தரையில படுக்குறோம்னு எழுதினது. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது, ராத்திரி வீட்டுக்குள்ள வரும், பாய்ல தூங்குற ஆள் பொரண்டு படுப்பாங்க. கட்டில் வாங்க முடிஞ்சா வாங்குங்க, இல்லன்னா இன்னைக்கே கொசுவலை, நாலு பக்கமும் பாய்க்கு அடியில நல்லா செருகி விட்டுப் படுங்க. கொசுவுக்கும் ஆச்சு.

ரெண்டாவது அந்த சட்டை. போட்டோவுல பக்கத்துல செருப்ப வெச்சு எடுத்திருக்கீங்க, நல்ல யோசனை, அத வெச்சு அளந்தா சட்டை மூணே முக்கால் அடி கிட்ட வருது. சட்டை உரிக்கும்போது இழுபட்டு பாம்பவிட கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், அத கழிச்சாலும் மூணு அடிக்கு மேல. ஓநாய்ப் பாம்பு பெரும்பாலும் ஒன்றரை அடி, ரொம்பப் பெருசுன்னாலே ரெண்டரை அடி சொச்சம்தான். அப்ப வெறகு அடுக்குல சட்டை கழட்டுனது வேற ஆளு. சாரையா இருக்கலாம், சாரைன்னா எலி புடிக்க வந்தது, பிரச்சனை இல்ல. கட்டுவிரியனாவும் இருக்கலாம், போட்டோ மங்கலா இருக்கு, என்னால சொல்ல முடியல.

அந்தச் சட்டைய தூக்கிப் போட்டுடாதீங்க. பகல் வெளிச்சத்துல வெள்ளப் பேப்பர் மேல விரிச்சு ரெண்டு போட்டோ எடுங்க. மொதல்ல முதுகுப் பக்கம், நடுவுல ஒரு வரிசை செதில் மட்டும் மத்ததவிட பெருசா ஆறு மூலையா, தேன்கூட்டு அறை மாதிரி வரிசையா இருக்கான்னு தெரியணும். கட்டுவிரியனுக்கு அப்படி இருக்கும். ஆனா கொம்பேறி மூக்கனுக்கும் நடு வரிசை பெருசாத்தான் இருக்கும், அதனால அது மட்டும் பத்தாது. சட்டையத் திருப்பிப் போட்டு வாலோட அடிப்பக்கத்த ரெண்டாவது போட்டோ எடுங்க, பட்டையான செதில் ஒத்த வரிசையா போகுதா, இல்ல நடுவுல கோடு விழுந்து ரெண்டு ரெண்டா பிரிஞ்சிருக்கான்னு. முதுகுல அந்தப் பெரிய செதில், வாலடியில ஒத்த வரிசை, ரெண்டும் சேந்து இருந்தா கட்டுவிரியன். போட்டோவ எனக்கு அனுப்பிட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் அந்த வெறக கையால எடுக்காதீங்க, ரெண்டு நாளைக்கு கேஸ்ல சமைங்க.